சாயத் தண்ணீரும் மெம்பரேனும்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் சாயக் கழிவுநீர் சுத்திகரிப்பில் ஆர்ஓ, அதாவது எதிர் சவ்வூடு பரவல் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பட்டறை முதலாளிகள், புதிதாக வேலைக்குச் சேரும் டிப்ளமோ பையன்கள், கல்லூரியிலிருந்து பிராஜெக்ட்டுக்கு வருகிறவர்கள், ஒரத்துப்பாளையம் பக்கத்து விவசாயிகள், சொந்தக்காரர்கள் என்று யார் பிளான்ட்டுக்கு வந்தாலும் கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். கடல் தண்ணீரைவிட உப்பு ஏறிய தண்ணீரிலிருந்து மெம்பரேன் என்கிற சவ்வு எதுவரை நல்ல தண்ணீரைப் பிரிக்கும், அதற்குமேல் ஏன் முடியாது என்பதைச் சுற்றியே எல்லாம் வரும். அவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை எழுதி, பதிலைக் கீழே தந்திருக்கிறேன்.

ஆர்ஓன்னா ஒரு ஃபில்டர் தானுங்க? அதுக்கு எதுக்கு இவ்வளவு பெரிய மோட்டார்?

டீ வடிகட்டியில் தூள் நிற்பதற்குக் காரணம் தூள் பெரிது, ஓட்டை சிறிது. கரைந்த உப்பு அப்படி நிற்காது. அது தண்ணீர் மூலக்கூறு அளவுக்கே பொடிந்து கலந்து கிடக்கிறது. ஆர்ஓ மெம்பரேனின் மேல் தோல் பாலிஅமைடு என்ற பிளாஸ்டிக். தடிமன் 100, 200 நானோமீட்டர்தான், தலைமுடியின் தடிமனில் சில நூறில் ஒரு பங்கு. தண்ணீர் அந்தத் தோலுக்குள் கரைந்து மறுபக்கம் வெளியேறும், உப்புக்கு அந்த வழி மிகக் கடினம். வேலை நடப்பது இந்த வித்தியாசத்தில்தான்.

மோட்டார் எதற்கு என்றால், நார்த்தங்காயை நினைத்துக்கொள்ளுங்கள். நறுக்கி உப்புப் போட்டு ஜாடியில் வைத்தால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும். காய்க்குள் இருந்த தண்ணீர் உப்பு இருக்கும் பக்கம் தானாகப் போய்விட்டது. இயற்கையின் போக்கு அது. நாம் அதைத் திருப்பி, உப்புப் பக்கத்துத் தண்ணீரை நல்ல தண்ணீர்ப் பக்கம் தள்ளுகிறோம். இயற்கை இழுக்கும் விசைக்கு மேல் அழுத்தினால்தான் ஒரு சொட்டாவது வரும். அந்த விசைக்குச் சவ்வூடு பரவல் அழுத்தம் என்று பெயர். இந்தப் பக்கத்தில் பாதிக் கேள்விகளுக்குப் பதில் அதற்குள்தான் இருக்கிறது.

இதைக் கண்டுபிடிச்சது நம்ம ஆளுன்னு சொல்றாங்களே, நிஜமா?

பாதி நிஜம். 1748-ல் பிரான்சில் நொல்லே என்ற பாதிரியார் பன்றியின் சிறுநீர்ப்பையை வைத்துத் தண்ணீர் இப்படிக் கடப்பதைக் காட்டினார். அதற்குப் பிறகு இரண்டு நூற்றாண்டுக்கு மேல் அது ஆய்வகத்து வியப்பாகவே இருந்தது. வேலைக்கு ஆகும் அளவுக்குத் தண்ணீர் விடும் மெம்பரேனை 1960-ஐ ஒட்டி லாஸ் ஏஞ்சல்ஸின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவாக்கியவர்கள் இருவர்: சிட்னி லோப், இந்தியாவிலிருந்து போன சௌரிராஜன். மேலே மெல்லிய தோல், கீழே தாங்கிப் பிடிக்கும் பஞ்சு மாதிரியான அடுக்கு என்பது அவர்கள் கண்ட வழி. 1965-ல் கலிஃபோர்னியாவின் கோலிங்கா ஊருக்கு அந்த வகையில் குடிநீர் கிடைத்தது. இன்று நாம் மாட்டும் பாலிஅமைடு வகை 1970-களில் ஜான் கடோட்டின் வேலையிலிருந்து வந்தது.

டிடிஎஸ் எவ்வளவு இருந்தா ரொம்ப உப்புன்னு சொல்லுவீங்க?

டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்து கிடக்கும் உப்பு முதலியவற்றின் மொத்த அளவு. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது என்கிறது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. தமிழ்நாட்டில் கழிவுநீரை வெளியே விட 2,100 எல்லை. எல்லாத் தண்ணீரும் கலந்து வரும் சாயக் கழிவு 5,000, 6,000, 7,000 என்று இருக்கும். கடல் 35,000. பட்டறையில் அடர் நிறத்துக்குச் சாயம் ஏற்றும் தொட்டியில் மட்டும் அளந்தால் லிட்டருக்கு 50 முதல் 80 கிராம் உப்பு, அதாவது கடலைப்போல் ஒன்றரை, இரண்டு மடங்கு. சாதாரண சமையல் உப்பு இனிமேல் கரையவே கரையாது என்ற நிலை லிட்டருக்கு மூன்று லட்சம் மில்லிகிராமைத் தாண்டி வரும்.

இந்தத் தொழிலில் 70,000-ஐத் தாண்டினால் அது வேறு உலகம். கீழே நான் ரொம்ப உப்பு என்று எழுதும் இடமெல்லாம் அந்தக் கோட்டுக்கு அப்பால் இருப்பதைத்தான்.

பிரஷரை ஏத்திட்டே போனா எல்லாத் தண்ணியும் வந்துராதா?

நல்ல தண்ணீர் வெளியேற வெளியேற, மிச்சத் தண்ணீர் கெட்டியாகும். கெட்டியாக ஆக, நார்த்தங்காய் விசை கூடும். சமையல் உப்புக் கரைசல் என்றால் லிட்டருக்கு 40,000-ல் அந்த விசை 32 பார், 80,000-ல் 66 பார், 1,20,000-ல் 100 பாருக்கு மேல், உப்பு படியும் கட்டத்தில் 390 பார். சைக்கிள் டியூபில் நாம் அடிக்கும் காற்று மூன்று, நான்கு பார். லாரி டயரில் ஏழு, எட்டு பார். அதோடு ஒப்பிட்டால் அளவு புரியும்.

கடல்நீர் மெம்பரேன்கள் பெரும்பாலும் 70 பார், சில வகைகள் 83 பார் வரை தாங்கும். அதனால்தான் 70,000 ஒரு சுவர் மாதிரி நிற்கிறது. அதை எட்டும்போது பம்ப் கொடுக்கும் அழுத்தமும் உப்பின் எதிர்விசையும் நெருங்கிவிடும். பம்ப் ஓடும், கரண்ட் மீட்டர் ஓடும், தண்ணீர் வராது.

அதோடு மெம்பரேனை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் உப்பு எப்போதும் கூடுதலாக இருக்கும். தண்ணீர் உள்ளே போய்விடுகிறது, உப்பு வாசலில் குவிந்து நிற்கிறது. தொட்டியில் அளந்த டிடிஎஸ்ஸை வைத்துக் கணக்குப் போட்டால் எப்போதும் கொஞ்சம் ஏமாற்றம் வருவது இதனால்தான்.

நெம்மேலில கடல் தண்ணியவே குடிநீர் ஆக்கறாங்க. சாயத் தண்ணி அதைவிட உப்பு கம்மி. அப்ப ஏன் இங்க இவ்வளவு பாடு?

சென்னைக்காக மிஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் நாளொன்றுக்குப் பத்துப் பத்துக் கோடி லிட்டர் எடுக்கும் நிலையங்கள் வந்தன. 2024-ல் நெம்மேலியில் இன்னொரு 15 கோடி லிட்டர் நிலையமும் வந்தது. ஆனால் அங்கே கடலிலிருந்து எடுத்ததில் பாதிக்கும் குறைவானதுதான் குடிநீர். மிச்சம் ஏறக்குறைய இரட்டிப்பு உப்போடு கடலுக்கே திரும்பிப் போகிறது.

திருப்பூருக்குக் கடல் கிடையாது, நொய்யல் ஆறுதான் உண்டு. நொய்யலில் விட்டதன் கதை எல்லோருக்கும் தெரியும். பாசனத்துக்கென்று 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயக் கழிவுத் தொட்டியாகிப் போனது, சுற்று வட்டாரக் கிணறுகள் உப்பாகின. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்ற உத்தரவில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. ஆகவே இங்கே நல்ல தண்ணீர் எடுப்பது பாதி வேலை. மிச்சமாகும் கெட்டி உப்புத் தண்ணீரான ரிஜெக்ட் ஒரு சொட்டு வெளியே போகக் கூடாது என்பதுதான் மறு பாதி, அதுவே கடினமான பாதி.

எங்க வீட்டு ஆர்ஓலயும் இதே மெம்பரேன் தானாண்ணா?

ஆமாம்மா, அதே பாலிஅமைடுதான். அளவு சிறிது, அழுத்தம் நான்கு, ஐந்து, ஆறு பார். உங்கள் வீட்டிலும் ரிஜெக்ட் உண்டு, சிங்க் குழாயில் போய்விடுவதால் கண்ணில் படுவதில்லை.

ரிஜெக்டை எவாப்பரேட்டருக்கு விட்டா முடிஞ்சுது. நடுவுல இன்னொரு ஆர்ஓ போட்டு ஏன் செலவு பண்ணணும்?

முதலாளிகள் கேட்கும் கேள்வி இது. கணக்காகவே பார்ப்போம். ஒரு லட்சம் லிட்டர் கழிவு, 6,000 டிடிஎஸ். அதில் மொத்த உப்பு 600 கிலோ. வழக்கமான ஆர்ஓ 85,000 லிட்டர் நல்ல தண்ணீர் எடுத்தால் மிச்சம் 15,000 லிட்டர், டிடிஎஸ் 40,000. இதை 80,000-க்குக் கொண்டுபோனால் 7,500 லிட்டர் ஆகும். 1,20,000-க்குக் கொண்டுபோனால் 5,000 லிட்டர். உப்பு அதே 600 கிலோதான், கொதிக்க வைக்க வேண்டிய தண்ணீர் மூன்றில் ஒரு பங்காகிவிட்டது.

எவாப்பரேட்டரில் தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்குவது மிகப் பெரிய செலவு. ஆயிரம் லிட்டரை ஒரே தடவையில் ஆவியாக்க 600 யூனிட்டுக்கு மேல் வெப்பம் வேண்டும். பல கட்ட எவாப்பரேட்டரில் ஒரு கட்டத்து ஆவியே அடுத்த கட்டத்தைச் சூடாக்குவதால் ஒரு கிலோ நீராவிக்கு மூன்று கிலோ தண்ணீர் போகும் என்று வைத்துக்கொள்ளலாம். விறகுக் கொதிகலனில் ஒரு கிலோ விறகுக்கு மூன்று, மூன்றரை கிலோ நீராவி. ஆக ஒரு கிலோ விறகுக்குப் பத்து லிட்டர். மேலே கொதிக்க வைக்காமல் மிச்சம் பிடித்த 10,000 லிட்டருக்கு ஒரு டன் விறகு. அதுவும் ஒரு லட்சம் லிட்டர் கழிவுக்கு மட்டும்.

1,20,000 வரை கொண்டுபோக 120 பார் தாங்கும் தனி மெம்பரேன் உண்டு. அதற்கான பம்புக்கு எவ்வளவு ஆகும்? உள்ளே விடும் தண்ணீரில் பாதி நல்ல தண்ணீராக வருமென்றால், ஆயிரம் லிட்டர் நல்ல தண்ணீருக்கு எட்டு யூனிட் கரண்ட்டைச் சுற்றி வரும். வெளியேறும் ரிஜெக்டின் அழுத்தத்தைத் திருப்பி எடுக்கும் கருவி வைத்தால் இன்னும் குறையும். கரண்ட் யூனிட்டும் வெப்ப யூனிட்டும் ஒரே விலை கிடையாதுதான், ஆனால் இந்த இடைவெளியை அந்த விலை வித்தியாசம் நிரப்பாது.

தூத்துக்குடி உப்பளம் மாதிரி பாத்தி கட்டி வெயில்ல காய விட்டா போதாதா?

போதும் என்று நினைத்துத்தான் இங்கே பல இடங்களில் ஆவியாகும் தொட்டிகள் கட்டினார்கள். ஒரு நாளைக்கு ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகும் என்று தாராளமாக வைத்தால், ஒரு ஏக்கருக்கு 20,000 லிட்டர். ஐம்பது லட்சம் லிட்டர் கழிவு வரும் பொது நிலையத்தில் ரிஜெக்ட் 7.5 லட்சம் லிட்டர். 37 ஏக்கர் வேண்டும். மழை மாதங்களில் அதுவும் போதாது. உப்பு ஏற ஏற ஆவியாவது மெதுவாகும்.

தூத்துக்குடியில் உப்பின் கெட்டியைக் காட்டும் பாமே மீட்டரை மிதக்க விட்டு டிகிரி பார்த்துப் பாத்தி மாற்றுவார்கள். ஜிப்சம் ஒரு பாத்தியிலேயே தங்கிவிடும், 25 டிகிரியில் நல்ல உப்பு விளையும், மிச்சக் கசப்பு நீரைத் தனியே விடுவார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த கைப்பக்குவம் அது. சாய ரிஜெக்டில் சோடா, சல்ஃபேட், குளோரைடு, நிறம் எல்லாம் ஒன்றாகக் காய்ந்து யாருக்கும் ஆகாத கலப்பு உப்பாக நிற்கும். தொட்டியின் விரிப்பு ஒரு இடத்தில் கிழிந்தாலும் நேராக நிலத்தடிக்குப் போகும்.

120 பார் மெம்பரேன் வாங்கி நம்ம பழைய வெசல்லயே மாட்டிக்கலாமா?

வேண்டாம். தயவுசெய்து செய்யாதீர்கள். வெசல், அதாவது மெம்பரேனை உள்ளே வைக்கும் குழாயில் எழுதியிருக்கும் அழுத்தம்தான் அதன் எல்லை. 120 பாரில் குழாயில் ஊசித் துளை விட்டால் வரும் நீர் தோலைக் கிழித்து உள்ளே போகும். எண்ட் கேப் பூட்டு சரியாக உட்காராமல் பம்பைப் போட்டால், அந்த மூடி குண்டு மாதிரி வெளியே வரும். அழுத்தம் பூஜ்யம் என்று கேஜில் பார்த்த பிறகும் வால்வைத் திறந்து தண்ணீர் சொட்டுவது நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். எங்கள் ஷிஃப்டில் இதை மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

மெம்பரேனுக்குள்ளும் எல்லாம் மாற வேண்டும். அதிக அழுத்தத்தில் தோலுக்குக் கீழே இருக்கும் பஞ்சு அடுக்கு நசுங்கி, தண்ணீர் விடுவது குறையும். ஷீட்டுகளுக்கு நடுவே இருக்கும் வலையின் தடம் மெம்பரேனில் பதிந்துவிடும். பம்ப், குழாய்க்கு 316 ஸ்டீல் போதாது, இவ்வளவு குளோரைடில் புள்ளி புள்ளியாக அரிக்கும். டூப்ளெக்ஸ், சூப்பர் டூப்ளெக்ஸ் வேண்டும். தட்டுத் தட்டாக அடுக்கிய டிஸ்க் வகை ஒன்று உண்டு. ஜெர்மனியில் குப்பைமேட்டுக் கசிவு நீருக்காக வளர்ந்தது அது. அழுக்கை நன்றாகத் தாங்கும், விலை கூடுதல்.

மீட்டர்ல ரெண்டு பிளான்ட்லயும் டிடிஎஸ் ஒரே அளவு. அங்க தண்ணி வருது, இங்க வரலை. மெம்பரேன் போச்சா?

மெம்பரேனைக் குறை சொல்லும் முன் பட்டறையில் எந்த உப்புப் போடுகிறார்கள் என்று கேளுங்கள். சிலர் சமையல் உப்பு, அதாவது சோடியம் குளோரைடு. சிலர் கிளாபர் சால்ட், அதாவது சோடியம் சல்ஃபேட். எதிர்விசை எடையைப் பார்க்காது, எத்தனை துகள் என்றுதான் பார்க்கும். லிட்டருக்கு 120 கிராம் குளோரைடில் எதிர்விசை 100 பாருக்கு மேல் என்றேன். அதே 120 கிராம் சல்ஃபேட்டில் 40 பாரைச் சுற்றித்தான். பாதிக்கும் குறைவு. சல்ஃபேட் பிளான்ட்டில் சாதாரணக் கடல்நீர் மெம்பரேனே தூரம் போகும்.

மீட்டரையும் முழுதாக நம்ப வேண்டாம். அது மின்கடத்தும் திறனை அளந்து ஒரு எண்ணால் பெருக்கிக் காட்டுகிறது. ரொம்ப உப்பில் அந்தப் பெருக்கல் பொருந்தாது. கிண்ணத்தில் அளந்து ஊற்றி 180 டிகிரியில் காயவைத்து எடை பார்ப்பதுதான் நம்பகமான வழி.

சல்ஃபேட்டுக்கு வேறு குணமும் உண்டு. 30 டிகிரியில் நூறு கிராம் தண்ணீரில் 40 கிராம் கரையும், 20 டிகிரியில் 19, 10 டிகிரியில் 9. ஒரு மார்கழி இரவு, கெட்டியான ரிஜெக்ட் நின்றுபோன ஒரு குழாயை விடியற்காலையில் கழற்றினேன். உள்ளே கற்கண்டு மாதிரி, விரல் நீளத்தில் கண்ணாடிப் படிகங்கள், குழாய் முழுக்க. கையில் எடுத்தால் ஜில்லென்று இருந்தது. வெந்நீர் ஊற்றியதும் அரைமணியில் காணாமல் போனது. இந்தக் குணத்தையே பயன்படுத்தி, ரிஜெக்டைக் குளிர வைத்து கிளாபர் உப்பைத் தனியே எடுப்பதும் உண்டு.

ஆன்டிஸ்கேலன்ட் நிறைய ஊத்தி ரெக்கவரியை ஏத்தலாமா சார்?

ரெக்கவரி என்பது உள்ளே விட்டதில் நல்ல தண்ணீராக வரும் பங்கு. ஆன்டிஸ்கேலன்ட் என்ற மருந்து மெம்பரேனில் உப்புகள் படிவதைத் தள்ளிப்போடும், நிறுத்தாது. அளவுக்கு மேல் போனால் அதுவே மெம்பரேனில் ஒட்டும் அழுக்காகும். உப்பு அழுத்தத்தின் எல்லையைத் தொடும் முன்பே பல பிளான்ட்டுகள் நிற்பதற்குக் காரணம் கால்சியமும் சிலிக்காவும்தான். சாதாரண வெப்பத்தில் சிலிக்கா லிட்டருக்கு 120, 150 மில்லிகிராமுக்கு மேல் கரைந்து நிற்காது. கிணற்றுத் தண்ணீரில் 30 இருந்தால், ஆறு மடங்கு கெட்டியாக்கும்போது எல்லையைத் தாண்டிவிட்டோம்.

நம்பாதவர்களுக்கு நான் ஒரு வேலை செய்வேன். வரிசையில் கடைசி மெம்பரேனைக் கழற்றித் தூக்கச் சொல்வேன். புதியது பதினாறு கிலோவைச் சுற்றி இருக்கும், ஒரு ஆள் தூக்கலாம். படிந்துபோனதை இரண்டு பேர் சேர்ந்துதான் நகர்த்த முடியும். நீளவாக்கில் அறுத்துப் பாய் மாதிரி விரித்து உள்ளங்கையால் தடவினால் உப்புக் காகிதம் போல் சொரசொரக்கும். அதை ஒருமுறை தடவிப் பார்த்த பையன் அப்புறம் கடினத்தன்மையை எடுக்கும் சாஃப்ட்னரை ரீஜெனரேட் செய்ய மறப்பதே இல்லை. ரெக்கவரியை ஏற்ற வேண்டுமென்றால் கடினத்தன்மையையும் சிலிக்காவையும் முன்னாலேயே எடுங்கள். வழி அதுதான்.

99.7 சதவீதம் உப்பை நிறுத்தும்னு போட்டிருக்கு. அப்ப இந்த 120 பார் ஸ்டேஜ் தண்ணி ஏன் இன்னும் கரிக்குது?

அந்த எண் கடல்நீர் அளவு உப்பில் சோதித்தது. ரொம்ப உப்பில் இரண்டு நடக்கும். எதிர்விசையால் தண்ணீர் வருவது குறையும். உப்புக் கசிவு அழுத்தத்தைப் பார்க்காது, இரு பக்கத்து உப்பு வித்தியாசத்தைத்தான் பார்க்கும், ஆகவே கூடும். கொஞ்சத் தண்ணீரில் கூடுதல் உப்பு வந்து சேர்வதால் டிடிஎஸ் ஆயிரத்தைத் தாண்டுவது சாதாரணம். அந்தத் தண்ணீரை முதல் ஆர்ஓவின் தொட்டிக்கே திருப்பி விட்டால் சரியாகிவிடும். அதைக் குறையாக நினைக்க வேண்டாம்.

உப்பை வேணும்னே கசிய விடற மெம்பரேன் வந்திருக்காமே, அது எதுக்கு?

எனக்கு மிகவும் பிடித்த யோசனை இது. எதிர்விசை என்பது இரு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம். ஒரு பக்கம் 1,20,000, மறுபக்கம் நல்ல தண்ணீர் என்றால் 100 பாருக்கு மேல் தள்ள வேண்டும். மறுபக்கத்தில் 60,000 உப்பு இருந்தால் வித்தியாசம் 55 பார் அளவுதான். சாதாரணக் கடல்நீர் பம்பே போதும். மறுபக்கத்தில் உப்புத் தண்ணீரை ஓடவிட்டு இதைச் செய்யலாம், அல்லது கசியும் மெம்பரேனைப் போட்டும் செய்யலாம். வந்த 60,000 தண்ணீரை அடுத்த கட்டத்தில் இன்னும் நல்லதாக்க வேண்டும். படிக்கட்டு மாதிரி, ஒரே தாவலாகத் தாவாமல் நான்கு படியாக ஏறுவது. பம்பும் குழாயும் கூடும், ஓட்டுவதற்குக் கவனம் வேண்டும். ஆனால் 120 பார் இரும்பு வேலை தேவைப்படாது.

ஃபார்வர்ட் ஆஸ்மோசிஸ்னா அழுத்தமே வேண்டாம்னு படிச்சேன். அப்ப கரண்டே ஆகாதா?

நார்த்தங்காய்க் கதையை அப்படியே நடக்க விடுவதுதான் அது. கழிவைவிடக் கெட்டியான வேறொரு கரைசலை மறுபக்கம் வைத்தால் தண்ணீர் தானே அங்கே போகும். ஆனால் போன தண்ணீரை அந்தக் கரைசலிலிருந்து யார் பிரிப்பது? செலவு அங்கே காத்திருக்கிறது. அம்மோனியாவும் கரியமில வாயுவும் கலந்த கரைசலை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி வாயுவாகப் பிரித்து எடுக்கும் முறை ஒன்று உண்டு. வெப்பம் சும்மா கிடைத்தால் நல்லது.

பிரிக்கவே வேண்டாத இடம் ஒன்று இருக்கிறது. சாயத் தொட்டிக்கு எப்படியும் உப்புக் கரைசல் வேண்டும். மிகக் கெட்டியான உப்புக் கரைசலை வைத்துக் கழிவிலிருந்து தண்ணீரை இழுத்து, நீர்த்துப்போன அந்தக் கரைசலையே சாயம் ஏற்றப் பயன்படுத்தலாம். நம் ஊரில் இதை யாராவது முயன்று பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

மெம்பரேன் டிஸ்டிலேஷன்ல மூணு லட்சம் டிடிஎஸ் கூடப் பண்ணலாம்னு எங்க புரொஃபசர் சொல்றார். இங்க ஏன் யாரும் போடலை?

உங்கள் புரொஃபசர் சொல்வது சரி. தண்ணீர் ஒட்டாத டெஃப்லான், பாலிபுரொப்பிலீன் மாதிரியான மெம்பரேன். அதில் நிஜமாகவே ஓட்டைகள் உண்டு, ஆனால் ஓட்டைக்குள் தண்ணீர் புகாது, ஆவி மட்டும் போகும். 60, 70 டிகிரியில் வேலை செய்யும். மேலே சொன்ன அழுத்தச் சுவர் இதற்குக் கிடையாது.

சாயக் கழிவில் சிக்கல் சோப்பு. வெட்டிங் ஆயில், சோப்பிங் ஏஜென்ட் எல்லாம் துணியில் தண்ணீர் நன்றாக ஊற வேண்டும் என்பதற்காகவே போடுபவை. அவை கொஞ்சம் மிஞ்சி வந்தாலும் மெம்பரேன் ஓட்டையும் நனைந்துவிடும். நனைந்தால் உப்புத் தண்ணீர் நேராக மறுபக்கம் போகும். வெப்பச் செலவும் எவாப்பரேட்டர் மாதிரியே வரும், வீணாகும் வெப்பத்தைப் பிடித்துக் கொடுத்தால் ஒழிய. பிராஜெக்ட் செய்கிறவர்கள் சுத்தமான உப்புக் கரைசலை விட்டுவிட்டு, எங்கள் ரிஜெக்டைக் கேனில் வாங்கிப்போய் ஒரு மாதம் ஓட்டிப் பாருங்கள். கேட்டால் தருகிறோம்.

ஜப்பான்காரங்க மெம்பரேன் வெச்சே உப்பு எடுக்கறாங்களாமே?

ஆமாம். 1972 முதல் ஜப்பானில் உப்பளங்களை விட்டுவிட்டு, கடல்நீரை எலக்ட்ரோடயாலிசிஸ் மூலம் கெட்டியாக்கி உப்பு எடுக்கிறார்கள். இதில் தண்ணீரைத் தள்ளுவதில்லை. மின்சாரத்தால் உப்பின் அயனிகளை மெம்பரேன் வழியாக ஒரு பக்கம் இழுக்கிறார்கள். லிட்டருக்கு 200 கிராம் வரை கெட்டியாகும். அங்கே போகும் கடல்நீர் சுத்தமாக வடிகட்டியது.

சாயம் எதிர் மின்னேற்றம் கொண்ட பெரிய மூலக்கூறு. நேர் மின்னேற்றம் கொண்ட மெம்பரேனில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் நிறத்தை முழுதாக எடுத்த பிறகுதான் இதைப் பேசவே முடியும். எடுத்துவிட்டால் அருமையான முறை.

அந்த உப்பை எடுத்து வித்தா என்னங்க? ஷெட்ல மூட்டை மூட்டையா கிடக்குதே.

கிடப்பது கலப்பு உப்பு. அதை யாரும் வாங்க மாட்டார்கள், ஈரம் பட்டால் கசியும், காலம் முழுக்கக் காக்க வேண்டும். விற்பதைவிட நல்ல வழி, பிரித்து நம் பட்டறையிலேயே திரும்பப் போடுவது. இங்கேதான் நானோஃபில்ட்ரேஷன் என்ற இன்னொரு மெம்பரேன் முறை வருகிறது. இரட்டை மின்னேற்றம் உள்ள சல்ஃபேட், கால்சியம், மெக்னீசியத்தையும் சாயத்தையும் அது நிறுத்தும், குளோரைடை விடும். குளோரைடு பட்டறையென்றால் கடந்துபோன தெளிந்த உப்புத் தண்ணீர் சாயத் தொட்டிக்கு. சல்ஃபேட் பட்டறையென்றால் நின்ற பக்கத்தை இன்னும் சுத்தம் செய்து எடுக்க வேண்டும். கடினத்தன்மை மிஞ்சினால் நிறம் மாறும், டையிங் மாஸ்டர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அவரோடு சண்டை போடாமல், அவர் சொல்லும் அளவை எழுதி வாங்கிப் பிளான்ட்டை அதற்கு ஓட்டுங்கள்.

இத்தனை சொன்னீங்க. எது போடலாம்னு ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

மெஷின் வாங்கும் முன் குழாயை மாற்றுங்கள். சாயத் தொட்டித் தண்ணீரில்தான் பெரும்பகுதி உப்பு, ஆனால் அளவில் கொஞ்சம். அலசும் தண்ணீர் நிறைய, உப்புக் குறைவு. இரண்டையும் ஒரே வாய்க்காலில் கலந்துவிட்டு, அப்புறம் கோடிக்கணக்கில் செலவழித்து மறுபடி பிரிக்கிறோம். தனித்தனியாக வந்தால் அலசும் தண்ணீர் சாதாரண ஆர்ஓவில் சுலபமாகப் போகும். தொட்டித் தண்ணீரை நானோஃபில்ட்ரேஷன் வழியாக உப்போடு திரும்பப் பயன்படுத்தலாம். அதற்குப் பிறகும் ரிஜெக்ட் மிஞ்சினால், 120 பார் கட்டம் ஒன்று, கடைசியில் சின்ன எவாப்பரேட்டர். இந்த வரிசையை மாற்றி எவாப்பரேட்டரில் தொடங்கிய இடங்களில் விறகு பில் கட்ட முடியாமல் திணறுவதைத்தான் பார்த்திருக்கிறேன்.

சரிங்க, இத்தனையும் பண்றீங்க. எங்க கிணறு எப்பங்க நல்லாகும்?

ஒரத்துப்பாளையம் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரியவர் கேட்டது. ஐயா, பிளான்ட்டில் நாங்கள் செய்வது புது உப்பு மண்ணுக்குப் போகாமல் பிடிப்பது மட்டும்தான். ஏற்கெனவே இறங்கிய உப்பை எந்த மெம்பரேனும் நிலத்துக்குள் போய் எடுக்காது. மழை இறங்கி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் நீர்க்கும்.

ஒன்று மட்டும் செய்ய வேண்டாம். கிணற்றில் ஆர்ஓ மாட்டித் தென்னைக்கு விடுகிறேன் என்று யாராவது வந்தால், ரிஜெக்ட் எங்கே போகும் என்று கேளுங்கள். அதே தோட்டத்தில் விட்டால் எடுத்த உப்பெல்லாம் அதே கிணற்றுக்குத் திரும்பி வரும். அதற்குப் பதிலாக, ஐப்பசி மழைக்கு முன்னால் ஒரு பாட்டில், தை கடைசியில் ஒரு பாட்டில், மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்ட பிறகு பிடித்துக்கொண்டு வாருங்கள். பாட்டிலில் தேதி எழுதியிருக்கட்டும். நான் கிண்ணத்தில் காயவைத்து எடை பார்த்துத் தருகிறேன், வருடா வருடம் ஒரே நோட்டில் எழுதி வைப்போம்.